பதில் சொல்லக் கூடாத கேள்விக்காரி

பயப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று அவளை அவளுடைய அண்ணன் சொல்வார். அதில் மிகை ஒன்றும் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள், அணைத்துத்தான் இருக்கும். மறுபடி கிளம்பினால் கதவைப் பூட்டினோமா என்று வருவாள். அதுவும் பூட்டித்தான் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிக் கண் கலங்கிவிடுவாள். இதில் வேடிக்கை, அவளுக்கு வாய்த்த கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். இருட்டுக் குழிக்குள் ஒரு பெல்ட்டை நம்பித் தொங்குகிற மனிதருக்கு இப்படி ஒரு மனைவி. "பயப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் ஒண்ணும் இல்லேன்னு பயந்துக்குவா" என்று அவர் சிரிப்பார். சிரிக்கட்டும், சிரிக்கட்டும். வீட்டில் காத்திருக்கிறவள் வயிற்றில் என்ன ஓடுகிறது என்று மேலே தொங்குகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது.

கேள்விக்காரி என்ற பெயர் அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே மொழிபெயர்ப்பாள். துணி துவைக்கும் மெஷினின் கையேடு, காப்பீட்டுக் கம்பெனியின் நோட்டீஸ், குழந்தை நாற்காலியைக் காரில் மாட்டும் முறை, எது வந்தாலும் தமிழாக்கிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்வாள். யார் படித்தார்கள், படித்தவருக்கு ஏதாவது விளங்கியதா என்பது அவள் கவலையாக இருந்ததில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுப் பிரிவில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே போனபின் அது ஒன்றே கவலையாகிப் போனது.

அங்கே ஒரு கேள்வித்தாள் இருந்தது. உடம்பு, நோய், மருந்து பற்றிய விஷயங்களை மக்கள் எவ்வளவு தூரம் தேடித் தெரிந்துகொள்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள், அதன்படி நடக்கிறார்கள் என்று அளப்பதற்காக வேறொரு மொழியில் யாரோ உருவாக்கியது. அதைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் மட்டும் போதாது, தமிழிலும் அது ஒழுங்காக அளக்கிறது என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, உட்கார்ந்து சண்டை போட்டு ஒன்றாக்கினார்கள். அதில் ஒருத்தி இவள். மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப அந்த மொழிக்கே கொண்டுபோனார். போனதும் வந்ததும் ஒத்துப்போகாத இடங்களில் மறுபடி சண்டை. எல்லாம் ஓய்ந்த பிறகு, தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது அவள் பங்கு.

போய் என்ன செய்வாள்? எதிரே இருப்பவர் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனதில் ஓடுவதை அப்படியே சொல்ல வேண்டும். பிறகு மிக எளிது, எளிது, கடினம், மிகக் கடினம் என்ற நான்கில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போய் அதே கேள்விகளை மறுபடி கேட்பாள். இரண்டு தடவையும் பதில் ஏறக்குறைய ஒத்துப்போனால் தாள் நம்பத் தகுந்தது. ஆகவே இந்த இடைவெளியில் யாரும் அந்த ஆளுக்கு எதையும் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது, குறிப்பாக அவள். "உங்க மனசுல என்ன தோணுது", "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க", "சரி, அடுத்தது" என்று மூன்றே வாக்கியங்கள்தான் அவளுக்கு அனுமதி. மேஜையில் ஒரு சின்ன ரெக்கார்டர் சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு தடவை அவள் சறுக்கினாள். ஒரு பெண் கேள்வி புரியாமல் விழித்தபோது மனம் கேட்காமல், துணிக்கடையில் துணி பார்ப்பதை உதாரணம் சொல்லி விளக்கிவிட்டாள். ஆய்வுப் பிரிவின் தலைவி ஒரு பேராசிரியர், டாக்டரும்கூட. அவர் ரெக்கார்டரைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். இது அந்தப் பெண்ணின் பதில் இல்லை, உங்களுடைய பதில் என்றார். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்த ஒரு காலைப்பொழுது முழுக்கக் குப்பைக்குப் போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் கேள்விக்காரிக்கு அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அடுத்தவர் வீட்டில் தும்முவதற்கே யோசித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஹாரன் வீட்டுக்குப் போனாள்.

ஹாரன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் தொண்டைக்காகத் தெருவே வைத்த பெயர் அது. வீட்டில் அழைப்பு மணி மாட்டாததற்கு அதையே காரணமாகச் சொல்லிச் சிரிக்கிற ஆள். போன வருடம் இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். முன்னறையில் அவர் மனைவி ஒரு கடைக்காகத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். மடித்த உறைகள் ஜன்னல் வரை அடுக்கியிருந்தன. ஹாரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேள்விகளை அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி படித்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"மிக எளிது. எழுதிக்கோங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

தையலை நிறுத்தாமலே மனைவி, இவருக்குத் தெரியாதது என்று ஒன்று இந்த உலகத்தில் உண்டா என்று சொல்லிக்கொண்டார். அதைப் பாராட்டு என்றே ஹாரன் எடுத்துக்கொண்டார்.

மருந்தோடு வரும் குறிப்புகளைப் புரிந்துகொள்வது எவ்வளவு எளிது என்ற கேள்வி வந்தது. மிக எளிது என்றவர், சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே மாத்திரை அட்டைகள். அதில் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர்கள். பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர்.

அந்தச் சின்ன எழுத்து அவளுக்குத் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. அவள் அண்ணனும் அதைத்தான் சாப்பிடுகிறார், அவள்தான் வாங்கிக் கொடுப்பாள். ஒரு தடவை கடையில் நிறம் மாறிய அட்டையைக் கொடுத்தபோது பயந்துபோய்க் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தாள். கம்பெனிதான் வேறு, மருந்து ஒன்றுதான், இது இல்லாவிட்டால் அது, இரண்டையும் சேர்த்து மட்டும் தந்துவிடாதீர்கள், ரத்தம் கசிய ஆரம்பித்தால் நிற்காது என்று அவர் பொறுமையாகச் சொல்லியிருந்தார்.

ஹாரன் விளக்கினார். வெள்ளை, ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கொடுப்பது. நீலம் பக்கத்துக் கடையில், நெஞ்சு மாத்திரை தீர்ந்துபோன ஒரு சமயம் கேட்டபோது கொடுத்தது. இரண்டுமே நல்ல மாத்திரைதான். "வெள்ளை காலையில, நீலம் ராத்திரி. யாரும் சொல்லித் தரலை, நானே பிரிச்சு வெச்சுக்கிட்டேன்" என்றார். ரத்தப் பரிசோதனைக்கு முன்பெல்லாம் போவாராம், இப்போது உடம்பு கல் மாதிரி இருப்பதால் போவதில்லையாம். டப்பாவை மூட அவர் கையை நீட்டியபோது சட்டை மேலே ஏறியது. முன்கையில் கையகலத்துக்கு ஊதா நிறம். எங்கே இடித்தேன் என்றே தெரியவில்லை என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கேள்விக்காரி அந்த ஊதாவையும் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐயோ, வாயைத் திறந்து சொல்லேன் அம்மா என்று நமக்கு இருக்கிறது. அவளுக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மேஜையில் சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்ததும் பேராசிரியரின் அறை, அந்த உயராத குரல், புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம், எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. அவள் ஹாரனைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். சரி, அடுத்தது என்றாள். எல்லாம் முடிந்தபின் அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மறுபடி வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனம் இரண்டு பக்கமும் இழுக்க ஆரம்பித்தது. வேலைக்குப் பயந்து ஒரு ஆளைச் சாகக் கொடுத்துவிட்டு வருகிறோமா என்று ஒரு பக்கம். நாம் என்ன டாக்டரா, ஒருவேளை டாக்டரே இரண்டையும் கொடுத்திருந்தால், நம் பேச்சைக் கேட்டு அவர் ஒன்றை நிறுத்தி, வால்வு அடைத்துக்கொண்டு போய்விட்டால் என்று இன்னொரு பக்கம். இந்தப் பக்கமும் சாவு, அந்தப் பக்கமும் சாவு. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தாள். வழியில் அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் மாத்திரை அட்டையில் இருக்கிற சின்ன எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னாள். எதற்கு என்று அண்ணன் கேட்டார். படிங்க என்று மட்டும் சொன்னாள். அதே பெயர்தான்.

சாயங்காலம் கணவர் கையைக் கழுவுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஈரக் கையோடு நின்று முழுக்கக் கேட்டார்.

"நீ பயந்ததுலயே இது ஒண்ணுதான் பயப்பட வேண்டிய விஷயம். இப்பவே போன் போடு."

யாருக்குப் போடுவது? ஹாரன் எண்ணுக்குப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. பேராசிரியரின் எண் அவளிடம் இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். சாப்பிட்டபின் மறுபடி திறந்து, இந்நேரத்துக்குக் கூப்பிட்டால் என்ன நினைப்பாரோ என்று மறுபடி மூடினாள். பயத்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு. ஓடு ஓடு என்று விரட்டும், காலையும் அதுவே கட்டிப்போடும். காலையில் முதல் ஆளாக நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அப்படித் தீர்மானித்ததில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை கூசிப்போயிருக்கிறாள்.

மறுநாள் பேராசிரியர் அறைக்கதவைத் திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். கூடவே ரெக்கார்டரையும் நீட்டி, நான் ஒன்றும் சொல்லவில்லை, விதியை மீறவில்லை, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றாள். பேராசிரியர் அதைக் கையில் வாங்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கேள்வியை விளக்காதீங்கன்னுதானே சொன்னேன். ஒரு உயிர் போறப்பவும் வாயை மூடிக்கிட்டு இருங்கன்னா சொன்னேன்?"

அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. புரியாததை டாக்டரிடம் திருப்பிக் கேட்பது உங்களுக்கு எவ்வளவு எளிது என்று ஊரெல்லாம் போய்க் கேட்கிறவள், அன்று கூப்பிட்டுக் கண்டித்தபோது, ஆபத்து என்றால் என்ன செய்வது மேடம் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். பேராசிரியரும் தன் பங்குக்கு, தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேராசிரியர் ஹாரன் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "உடனே போங்க. நீல மாத்திரையைத் தொட வேண்டாம், ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு நேரா இங்க கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவள் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் பஸ் இல்லை. கிடைத்த டாக்ஸியில் ஏறி, சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லிச் சொல்லியே டிரைவர் உயிரை வாங்கினாள். தெருவுக்குள் திரும்பும்போது காதைத் தீட்டிக்கொண்டாள். அந்தத் தொண்டை கேட்டால் போதும், எதையாவது திட்டிக்கொண்டிருந்தால்கூடப் போதும். தெரு அமைதியாக இருந்தது. கதவில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டுக்காரம்மா வெளியே வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். காலையில் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்ததாம். வாய் கொப்பளித்துக் கொப்பளித்துப் பார்த்தும் நிற்கவில்லையாம். பிறகு மூக்கிலிருந்தும் வந்து, அப்படியே குளியலறையில் சாய்ந்துவிட்டாராம். துணி துணியாக நனைந்தது என்றார். கேள்விக்காரி குறுக்கிட்டு, மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்களா என்று கேட்டாள். அந்த அவசரத்தில் டப்பாவை யார் தேடினார்கள், கையில் கிடைத்த ஒரு அட்டையை மட்டும் அவர் மனைவி பையில் போட்டுக்கொண்டு ஓடினார் என்று பதில் வந்தது. வெள்ளையா நீலமா? அதை யார் கண்டார்கள்.

இப்போது அவள் யோசிக்கவில்லை. என்ன நினைப்பாரோ, ஏது நினைப்பாரோ எல்லாம் போன இடம் தெரியவில்லை. பேராசிரியருக்குப் போன் போட்டு அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அவசரப் பிரிவில் இருக்கிறார், ஒரு அட்டையைத்தான் காட்டியிருப்பார்கள், இரண்டு சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள், இரண்டு, இரண்டு. மறுமுனையில் நாற்காலி தள்ளுகிற சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டது. பேராசிரியர் ஓடுகிறார் என்று புரிந்தது.

திரும்பிப் போகிற வழி முழுக்க அவள் ஹாரன் சாகக் கூடாது என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. இடையில், அவர் செத்துவிட்டால் நாம் சொல்லாமல் வந்தது அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. இப்படியும் ஒரு நினைப்பு தனக்குள் வருமா என்று தன்னைப் பார்த்தே பயந்தாள்.

ஹாரன் சாகவில்லை. மாத்திரையின் வேகத்தை அடக்கும் முறிவு மருந்து ஏற்றி, ரத்தம் ஏற்றி, தலையைப் படமெடுத்து உள்ளே கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு வார்டில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். மூக்கில் பஞ்சு, கையில் ஊசி, முகத்தில் சுண்ணாம்பு வெளுப்பு. அவ்வளவு பெரிய ஆள் போர்வைக்குள் காணாமல் போயிருந்தார்.

கேள்விக்காரியைக் கண்டதும் அவர் மனைவி எழுந்து ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரவிக்கையில் ரத்தம் காய்ந்து கிடந்தது. "டாக்டரம்மா சொன்னாங்க. நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம். நீங்க இல்லேன்னா இந்நேரம் அவரு..." என்று சொல்லி முடிக்க முடியாமல் அந்தக் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றார். கேள்விக்காரிக்குக் கைகளை உருவிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

ராத்திரி யோசித்தபோது என்று சொல்லியிருக்கலாம். காலையில் என்று சொல்லியிருக்கலாம். பேராசிரியர் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க எதையெதையோ நினைத்துப் பயந்தவள், இந்த ஒரு பதிலுக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை.

"உங்க வீட்டுல உக்காந்திருந்தப்பவே தெரியும்க்கா."

அந்தம்மாவின் கைகள் தளர்ந்து விலகின. திட்டுவார் என்று கேள்விக்காரி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. போய்க் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

கட்டிலில் இருந்தவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன்மா சொல்லலை?" காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கிற குரல்.

"பயமா இருந்துச்சு அண்ணே."

"என்னைப் பார்த்தா?"

"இல்லண்ணே. என் வேலை போயிடுமோன்னு."

ஹாரன் முகத்தை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி எழுந்து, போர்வையை அவர் தோள் வரைக்கும் இழுத்துவிட்டார். போங்கள் என்று யாரும் சொல்லவில்லை, உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. கேள்விக்காரி கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி, போர்வை அவர் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.